ஒரு செப்பேடு, நான்கு எழுத்துகள்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திரா தொழிற்பேட்டையைக் கடந்ததும் வருவது சந்தாபுரா. ஆனேக்கல் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்களில் தமிழரும் உண்டு, தெலுங்கரும் உண்டு, வடநாட்டினரும் உண்டு. கன்னடத்தில் எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தின் அடியில் ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் சாட்சிக் கையொப்பம் இட்டிருப்பதை இங்கே காண்பது அரிதன்று. பத்திரம் அந்த மண்ணின் மொழியில். கையொப்பம் அவரவர் எழுத்தில். இதில் வியப்பதற்கு எதுவும் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை.

ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொல்லத்திலும் இத்தகைய பத்திரம் ஒன்று எழுதப்பட்டது. சேர மன்னன் தாணு ரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 849-இல், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடிகள் அங்கிருந்த தரிசாப்பள்ளி என்னும் தேவாலயத்திற்கு நிலமும் உரிமைகளும் வழங்கினார். பெற்றுக்கொண்டவர் அத்தேவாலயத்தை நிறுவிய மருவான் சபீர் ஈசோ என்ற சிரியக் கிறிஸ்தவத் தலைவர். வட்டெழுத்தில், அன்றைய சேரநாட்டு மொழியில் எழுதப்பட்ட இந்தச் செப்பேட்டின் பல சொற்கள் இன்றும் தமிழ் அறிந்தவருக்கு விளங்கும். கொடுத்த நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்தி வரையறுத்ததை அது 'பிடி நடத்தி' என்று குறிக்கிறது.

இதன் இறுதி ஏட்டில் மேற்காசிய வணிகர்கள் இருபத்தைந்து பேரின் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. 11 பேர் கூஃபி வகை அரபு எழுத்தில் இட்டிருக்கின்றனர். 10 பேர் பாரசீக நாட்டுப் பஹ்லவி எழுத்தில். எஞ்சிய நால்வரின் மொழி பாரசீகம், எழுத்தோ எபிரேயம். பாரசீகத்திலிருந்து வந்த யூதர்கள் அவர்கள்.

கிறிஸ்தவ தேவாலயம் ஒன்றின் சொத்துக்கு யூதர்கள் சாட்சி! சந்தாபுராவின் பத்திரத்தைப் போல இதையும் இயல்பான ஒன்றாகக் கடந்துவிடலாம். ஆனால் அதற்கு முந்தைய எட்டு நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடல் நாடுகளில் இவ்விரு சமயத்தாரிடையே நடந்தவற்றை அறிந்தவர் அவ்வாறு கடந்துவிட முடியாது.

ஒரே வீட்டின் பிள்ளைகள்

ஏசுநாதர் யூதராகப் பிறந்தார். யூதர்களின் வேதத்தை ஓதினார். ஜெருசலேம் ஆலயத்தில் போதித்தார். அவருடைய முதல் சீடர்கள் அனைவரும் யூதர்களே. அவர் மறைந்த பிறகும் அவர்கள் ஆலயத்திற்குச் சென்று வழிபட்டு வந்ததாகப் புதிய ஏற்பாட்டின் 'அப்போஸ்தலர் பணிகள்' கூறுகிறது. மற்ற யூதர்களிடமிருந்து அவர்களைப் பிரித்துக் காட்டியது ஒன்றுதான்: 'வரவேண்டிய மெசியா வந்துவிட்டார்' என்ற நம்பிக்கை. பரிசேயர், சதுசேயர், எஸ்ஸீன்கள் என்று பல பிரிவுகள் இருந்த சமுதாயத்தில் இவர்களும் ஒரு பிரிவினர். நம் நாட்டில் ஒரே வேதத்தை ஏற்றுக்கொண்டு பல சம்பிரதாயங்கள் வாதிட்டுக்கொண்டதைப் போன்றதே அந்த நிலை.

யூதரல்லாத மக்களும் புதிய நம்பிக்கையை ஏற்கத் தொடங்கியபோது முதல் பெரிய கேள்வி எழுந்தது. அவர்கள் விருத்தசேதனம் செய்துகொண்டு யூத நியமங்கள் அனைத்தையும் கைக்கொள்ள வேண்டுமா? ஏறக்குறைய கி.பி. 49-இல் ஜெருசலேமில் கூடிய சபையில் பேதுரு, பவுல், யாக்கோபு ஆகியோர் இதை விவாதித்தனர். அவ்வாறு கட்டாயப்படுத்த வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. அந்த விவாதத்தில் பேசியவர்கள் எல்லோரும் யூதர்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது ஒரு வீட்டுக்குள் நடந்த வாதம்.

ரோமானிய அதிகாரிகளும் அதை அப்படித்தான் பார்த்தனர். கொரிந்து நகரில் சில யூதர்கள் பவுலை ஆளுநர் கல்லியோவின் முன் நிறுத்திக் குற்றம் சாட்டினர். தத்துவ அறிஞர் செனேகாவின் அண்ணன் இந்தக் கல்லியோ. இது உங்கள் மதத்துக்குள் எழுந்த சொல் வழக்கு, இதில் நான் தீர்ப்பளிக்க மாட்டேன் என்று கூறி அவர் வழக்கையே தள்ளிவிட்டார். இது நடந்தது 51 அல்லது 52-இல். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், சுமார் 112-இல், ஆசியா மைனரின் பித்தினியா மாகாண ஆளுநரான இளைய பிளினி, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டுப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். யூதர்களைப் பற்றிய பேச்சே அக்கடிதத்தில் இல்லை. கல்லியோவின் கண்ணுக்குத் தெரியாத பிரிவு பிளினியின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இந்த அறுபது ஆண்டுகளில் நடந்தது என்ன?

காசு வரைந்த கோடு

கொள்கை வேறுபாடு வளர்ந்தது என்று பொதுவாகப் பதில் கூறுவார்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதியை ரோமின் கருவூலக் கணக்குகளில் தேட வேண்டும்.

யூத மதம் தொன்மையானது என்பதால் ரோம் அதற்குச் சில சலுகைகள் தந்திருந்தது. பேரரசரைத் தெய்வமாக வணங்கும்படி யூதர்களை அது வற்புறுத்தவில்லை. பேரரசருக்காக ஜெருசலேம் ஆலயத்தில் அன்றாடம் பலி செலுத்தினால் போதும் என்று விட்டுவிட்டது. 66-இல் அந்தப் பலி நிறுத்தப்பட்டது, கிளர்ச்சி மூண்டது. 70-இல் டைட்டஸின் படை ஜெருசலேமைக் கைப்பற்றி ஆலயத்தை எரித்துத் தரைமட்டமாக்கியது.

அதுவரை யூத ஆண்கள் ஆண்டுதோறும் ஆலயத்திற்குக் காணிக்கை செலுத்தி வந்தனர். ஆலயம் அழிந்த பிறகு பேரரசர் வெஸ்பாசியன் அந்தத் தொகையை வரியாக மாற்றினார். பேரரசில் எங்கிருந்தாலும் யூதர் ஒவ்வொருவரும், ஆணும் பெண்ணும், ஆண்டுக்கு இரண்டு தெனாரிய வெள்ளிக் காசுகளை ரோமின் ஜூபிடர் கோயிலுக்குச் செலுத்த வேண்டும். தம் இறைவனுக்குக் கொடுத்ததை, தம்மை வென்றவர்களின் தெய்வத்திற்குக் கொடுக்க வேண்டும்! இதைவிடக் கூர்மையான அவமதிப்பைக் கற்பனை செய்வது கடினம்.

வரி என்று வந்துவிட்டால் யாரிடம் வசூலிப்பது என்ற கேள்வியும் உடன் வரும். யூதர் என்பவர் யார்? யூதக் குலத்தில் பிறந்து ஏசுவை ஏற்றவர் யூதரா? யூதராகப் பிறக்காமல் யூத வேதத்தை ஓதுபவர் யூதரா? டொமிஷியன் (81-96) காலத்தில் இந்த வசூல் மிகக் கடுமையாக நடந்தது. தொண்ணூறு வயது முதியவர் ஒருவர் விருத்தசேதனம் செய்துகொண்டவரா என்று நிறைந்த சபையில் சோதிக்கப்பட்டதைத் தாம் இளமையில் கண்டதாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். அடுத்து வந்த நெர்வா இந்தக் கொடுமையை நீக்கி, அதைக் காசுகளிலும் பொறித்து அறிவித்தார்.

ஏசுவைப் பின்பற்றியவர்களை இது ஓர் இக்கட்டில் நிறுத்தியது. 'நான் யூதன்' என்று சொன்னால் வரி கட்ட வேண்டும், ஆனால் தொன்மையான மதத்திற்குரிய பாதுகாப்பு கிடைக்கும். 'யூதன் அல்ல' என்றால் வரி இல்லை. பாதுகாப்பும் இல்லை, பேரரசரின் உருவத்திற்கு முன் தூபமிட மறுத்தால் தலை போகும். பிளினியின் விசாரணையில் நின்றவர்கள் இந்த இரண்டாம் வகையினர். வேதாந்த வகுப்பில் 'நான் யார்?' என்பது அக விசாரணை. ரோமானியப் பேரரசில் வரி வசூலிப்பவன் அதே கேள்வியைக் கேட்டான், விடையை ஏட்டில் பதிந்துகொண்டான்.

ஆலயம் இல்லாத மதம் எப்படி வாழும் என்ற கேள்விக்கு யூதர்கள் கண்ட விடை மிக உயர்ந்தது. யொஹனான் பென் சக்காய் என்ற ஆசாரியரைச் சூழ்ந்து யாவ்னே என்ற ஊரில் கூடிய அறிஞர்கள், பலியின் இடத்தில் வேதக் கல்வியையும் பிரார்த்தனையையும் அறச்செயல்களையும் வைத்தனர். புற யாகம் அக யாகமாக மாறியதை உபநிஷதங்களில் கற்றவர்கள் இதன் பெருமையை எளிதில் உணர்வார்கள். கிறிஸ்தவர்களும் அதே இழப்புக்கு விடை தேடினர். ஏசுவின் மரணமே இறுதிப் பலி என்றனர். எரிந்த ஓர் ஆலயத்தின் சாம்பலிலிருந்து இரண்டு மரபுகள் இவ்வாறு முளைத்தன. யூத மதம் தாய், கிறிஸ்தவம் மகள் என்று கூறுவது வழக்கம்; உடன்பிறந்தவர்கள் என்பதே பொருந்தும்.

132-இல் சைமன் பார் கோக்பாவின் தலைமையில் மீண்டும் கிளர்ச்சி எழுந்தது. பேராசிரியர் அகிவா அவரையே மெசியா என்று போற்றினார். ஏசுவை மெசியாவாகக் கொண்டவர்களால் அதை ஏற்க இயலவில்லை. 135-இல் கிளர்ச்சியை ஒடுக்கிய ஹேட்ரியன், ஜெருசலேமின் பெயரையே மாற்றி, யூதர்கள் அங்கே கால் வைக்கக் கூடாது என்று ஆணையிட்டார். அதன் பிறகு அந்நகரத்துக் கிறிஸ்தவ சபைக்குத் தலைமை தாங்கியவர்கள் யூதரல்லாதவர்களே.

சிம்மாசனம் ஏறிய சகோதரன்

நான்காம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழாயிற்று. 313-இல் கான்ஸ்டன்டைன் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்தார். 325-இல் நைசீயா சபை, ஈஸ்டர் திருநாளை யூதர்களின் பஸ்கா கணக்கைச் சாராமல் தனியாகக் கணிக்க முடிவு செய்தது. இதில் யூதர்களோடு நமக்கு எந்தப் பொதுமையும் வேண்டாம் என்று பேரரசரே சபைகளுக்கு எழுதினார். 380-இல் தியோடோசியஸ் கிறிஸ்தவத்தை அரசின் மதமாக்கினார். 388-இல் யூப்ரடிஸ் ஆற்றங்கரையிலுள்ள கல்லினிகம் என்ற ஊரில் கிறிஸ்தவக் கூட்டம் ஒன்று யூத ஜெப ஆலயத்தை எரித்தது. ஆயரின் செலவில் அதை மீண்டும் கட்டித் தர வேண்டும் என்று தியோடோசியஸ் நீதியாகவே ஆணையிட்டார். மிலான் நகர ஆயர் அம்புரோஸ் குறுக்கிட்டு, ஆணை திரும்பப் பெறப்படாமல் பலி பூசை செய்ய மாட்டேன் என்று நின்றார், பேரரசர் பணிந்தார். அம்புரோஸ் பல வகையில் போற்றத்தக்கவர். இந்தச் செயல் அவற்றில் சேராது.

ஆனால் இதே ஆண்டுகளில் சாதாரண மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அந்தியோக்கியா நகரில் 386, 387-இல் ஜான் கிறிசோஸ்தம் எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். யூதர்களைப் பற்றிய கடுஞ்சொற்கள் நிறைந்த அவை பிற்காலத்தில் பெருந்தீங்குகளுக்குப் பயன்பட்டன. எனினும் அவற்றை உற்று நோக்கினால் அவர் சினந்துகொண்டது முதன்மையாகத் தம் சபையினரையே என்பது புலப்படும். அவர்கள் யூதர்களின் பண்டிகைகளுக்குப் போகிறார்கள், விரதங்களைக் கைக்கொள்கிறார்கள், சத்தியம் செய்யவும் நோய் தீரவும் ஜெப ஆலயத்தை நாடுகிறார்கள்! ஏசு மறைந்து மூன்றரை நூற்றாண்டுகள் கழிந்த பின்னும் அக்கம்பக்கத்தார் பிரிந்துவிடவில்லை, பிரிக்க வேண்டியிருந்தது.

எல்லைக்கு அப்பால், பாரசீகத்தில், இதே நாடகம் வேடங்கள் மாறி நடந்தது. ரோம் கிறிஸ்தவமானதும் பாரசீக மன்னன் இரண்டாம் ஷாப்பூருக்குத் தன் நாட்டுக் கிறிஸ்தவர்கள் பகைவனின் ஆட்களாகத் தோன்றினர். ரோமுடன் போர் நடத்த அவர்களிடம் இரட்டை வரி வசூலித்துத் தருமாறு அவர்களுடைய தலைவர் சிமியோனுக்கு ஆணை போயிற்று. அவர் மறுத்தார், 340-ஐ ஒட்டித் தொடங்கிய அடக்குமுறை பல்லாண்டுகள் நீடித்தது. அங்கே யூதர்கள் ஒப்பளவில் பாதுகாப்பாக இருந்தனர். அவர்களுடைய பேரறிவுக் களஞ்சியமான பாபிலோனியத் தல்மூது அந்த நாட்டில்தான் உருவாயிற்று. வேதம் மாறவில்லை, விளக்கம் மாறவில்லை. அரசு மாறியதும் அடிபடுபவர் மாறினார்.

முசிறியின் கரையில்

அந்தப் பாரசீகச் சபையோடு தொடர்புடையவர்கள்தாம் சேரநாட்டுக் கிறிஸ்தவர்கள். 52-இல் புனித தோமையர் கொடுங்கல்லூரில் வந்திறங்கியதாக அவர்களது மரபு கூறுகிறது. ஆலயம் அழிந்தபோது தம் முன்னோர் அதே கொடுங்கல்லூருக்கு வந்ததாகக் கொச்சி யூதர்களின் மரபு கூறுகிறது. 1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோ சர்வசமயப் பேரவையில் சுவாமி விவேகானந்தர், ரோமானியரால் தம் புனித ஆலயம் தகர்க்கப்பட்ட ஆண்டிலேயே தென்னிந்தியாவில் அடைக்கலம் புகுந்த யூதர்களைக் குறிப்பிட்டது இந்த மரபைக் கொண்டுதான்.

மரபு வேறு, ஆவணம் வேறு. இவ்விரு வருகைகளுக்கும் அக்காலக் கல்வெட்டோ செப்பேடோ சான்றாக இல்லை. உறுதியான எழுத்துச் சான்று தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலிருந்தே தொடங்குகிறது. ஆயினும் கப்பல் வழி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆலயம் எரிந்த அதே நூற்றாண்டில் ரோமானியக் கப்பல்கள் மிளகுக்காக முசிறிக்கு வந்துகொண்டிருந்தன. மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்ற கதை நூலில் அழகிய காட்சி ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் புறப்பட்ட தோமையர் வழியிலுள்ள துறைமுக நகரில் ஒரு திருமண விருந்தில் அமர்ந்திருக்கிறார். அவர் தம் மொழியில் பாடும்போது அங்கிருந்தோரில் அதைப் புரிந்துகொண்டவள் குழலூதும் ஓர் எபிரேயப் பெண் மட்டுமே. இது வரலாறு அன்று. ஆனால் தொலைதூர நாட்டில் ஒரு கிறிஸ்தவரின் பேச்சு யூதருக்கே முதலில் விளங்கும் என்று அக்கதையை எழுதியவர் கருதியது கவனிக்கத்தக்கது.

இனிச் செப்பேட்டுக்குத் திரும்பலாம். ரோமிலும் பாரசீகத்திலும் வரி விதித்து மக்களைப் பிரித்த அரசுகளைக் கண்டோம். வேணாட்டு அரசர் செய்தது வரி விலக்கு. தேவாலயத்தின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்ற இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைத்தார். அஞ்சுவண்ணத்தை யூதர்களின் குழு என்று முன்பு கூறி வந்தனர். யூதர், முஸ்லிம்கள் உள்ளிட்ட மேற்காசிய வணிகர்களின் பொது அமைப்பு அது என்பதே இன்றைய ஆய்வாளர்களின் கருத்து. அவ்வாறாயின் சாட்சிக் கையொப்பங்களின் பொருள் இன்னும் தெளிவாகிறது: ஒரே துறைமுகத்தில் சரக்கு இறக்கியவர்கள், ஒருவர் சொத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றனர்.

இதை எண்ணிப் பெருமிதம் கொள்பவர்கள் செப்பேட்டை முழுவதும் படிக்க வேண்டும். அரசர் தேவாலயத்திற்குக் கொடுத்தவற்றில் மனிதர்களும் இருக்கின்றனர். ஈழவர், வண்ணார், தச்சர், வெள்ளாளர் குடிகள் நிலத்தோடு சேர்த்து ஒப்படைக்கப்பட்டனர். மரம் ஏறும் தளைக்கும் ஏணிக்கும் அவர்கள் செலுத்தி வந்த தளைக்காணம், ஏணிக்காணம் என்ற வரிகள் நீக்கப்பட்டன என்றாலும், தாங்கள் யாருக்கு உழைப்பது என்று அவர்களைக் கேட்டவர் எவரும் இல்லை. நான்கு எழுத்துகளில் அமைந்த அந்த ஆவணத்தில் அவர்களுடைய கையொப்பம் எந்த எழுத்திலும் இல்லை. மேலும், அந்த நல்லிணக்கத்தைத் தாங்கி நின்றது ஞானம் மட்டுமன்று. மிளகு வாணிகமும் அரசருக்குக் கிடைத்த சுங்கமும் அதற்குத் தூண்களாக இருந்தன. வணிகரின் அமைதியைத் துறவிகள் இகழ வேண்டியதில்லை. ஆயர்களாலும் பேரரசர்களாலும் தர முடியாததை அது தந்தது.

ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேரமான் பாஸ்கர ரவி, யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த மற்றொரு செப்பேடும் இருக்கிறது. பகல் விளக்கு, பல்லக்கு, குடை, காளம் முதலிய 72 உரிமைகளை அது வழங்குகிறது. மட்டாஞ்சேரி யூத ஜெப ஆலயம் அதைத் தன் அருஞ்செல்வமாகப் போற்றி வந்திருக்கிறது.

பிறகு, பேரரசு ஒன்று இந்தக் கரைக்கும் வந்தது. 1498-இல் வந்த போர்த்துகீசியர் தம் நாட்டில் யூதர்களை ஒடுக்கியவர்கள். கொடுங்கல்லூரில் வாழ முடியாமற்போன யூதர்களுக்குக் கொச்சி அரசர் தம் அரண்மனையை அடுத்தே இடம் கொடுத்தார். 1568-இல் அங்கே பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. 1599-இல் உதயம்பேரூர் சங்கத்தில் பேராயர் மெனேசிஸ் சிரியக் கிறிஸ்தவர்களின் பழைய நூல்களைப் பிழையானவை என்று கூறி எரிக்கச் செய்தார். 1653-இல் அம்மக்கள் மட்டாஞ்சேரியில் கூடிக் கூனன் சிலுவை முன் உறுதிமொழி எடுத்து அந்த அதிகாரத்தை உதறினர். அங்கேயே 1662-இல், டச்சுக்காரர்களுக்கு உதவினார்கள் என்று யூதர் தெருவைப் போர்த்துகீசியர் சூறையாடினர். ரோமின் பெயரால் வந்தவர்கள் இரு சகோதரர்களையும் ஒரே ஊரில் ஒன்பதாண்டு இடைவெளியில் தம் எதிரிகளாகக் கண்டது விந்தைதான்.

நூல்கள் எரிந்தாலும் அடுக்களையில் ஒன்று எஞ்சியது. புனித வியாழன் மாலையில் கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர் இல்லங்களில் அரிசி மாவும் உளுந்தும் சேர்த்துப் புளிக்க வைக்காத அப்பம் ஒன்று செய்கிறார்கள். அதன் பெயர் பெசகா அப்பம். யூதர்களின் பெசாக் என்ற சொல்லே சிரிய மொழி வழியாகப் பெசகா ஆயிற்று. யூதர்களும் பஸ்காவில் உண்பது புளிப்பில்லாத அப்பமே. இரவு பிரார்த்தனைக்குப் பின் வீட்டின் மூத்தவர் அப்பத்தைப் பிட்டு, வயது வரிசையில் ஒவ்வொருவருக்கும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்ந்த பெசகாப் பாலுடன் கொடுக்கிறார். அந்த ஆண்டில் துக்கம் நேர்ந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவார்கள்.

1948-இல் இஸ்ரேல் உருவான பின் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். சேந்தமங்கலத்தில் அவர்களது ஜெப ஆலயம் அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் முன்னே எபிரேய எழுத்தில் 1269-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது. நால்வர் எபிரேயத்தில் சாட்சியிட்ட தரிசாப்பள்ளிச் செப்பேடுகளோ, கேரளக் கிறிஸ்தவ சபை பின்னாளில் தனக்குள் பிரிந்தபோது தாமும் பிரிந்து, சில ஏடுகள் கோட்டயத்தில் ஒரு சபையிடமும் சில ஏடுகள் திருவல்லாவில் மற்றொரு சபையிடமும் இருக்கின்றன.